அட்வான்ஸ் அண்ணை வீடு வாங்கின விதம்

உலகத்தில் நடக்கிற அத்தனை காரியங்களும் யாரோ எங்கேயோ அட்வான்ஸ் கொடுத்ததால்தான் நடக்கின்றன என்று மனதார நம்பிய ஒரே மனிதர் எங்கள் அட்வான்ஸ் அண்ணை. காலையில் சூரியன் எழும்புவதற்கும் முதல்நாளே ஒரு சிறுதொகை கைமாறியிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

குற்றம் அவருடையதல்ல, தொழிலுடையது. தாழ்வுபாட்டுக் கடற்கரையில் கருவாட்டு வியாபாரம். அங்கே மீனவருக்கு முற்பணம் கொடுத்தால் அவர் படகில் வரும் மீன் உங்களுக்கு. அவர் காசைத் திருப்பித் தந்தால், இனி உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்று அர்த்தம். கரைக்கென்று இருந்த இந்தச் சட்டத்தை அண்ணை நாடு முழுவதற்கும் நீட்டிவிட்டார். மார்கழியில் வரும் நத்தார்ப் பெருநாளுக்கு முடி வெட்ட ஆவணியிலேயே சலூனில் காசு கட்டுவார். தன் செத்தவீட்டுப் பூசைக்கு முற்பணம் கொண்டுபோனபோது பங்குத் தந்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அதை வாங்கினால் நான் பூசை வைக்க வேணும், நீங்கள் செத்துத் தர வேணும். என்ன அவசரம்?"

எனக்கும் ஒருநாள் ஆயிரம் ரூபாயை நீட்டினார். "எதுக்கண்ணை?" என்றேன். "நீ வாசிக்கிற ஆள். எப்பவாவது தேவைப்படுவாய்." அந்தக் காசில் ஒரு தடித்த புத்தகம் வாங்கினேன். அதில் பாதிக்கு மேல் விளங்கவில்லை. அது வரப்போகிற காலத்துக்கு ஒரு பயிற்சி என்று அப்போது தெரியாது.

அண்ணை குடும்பம் மன்னார் டவுனில் வாடகைக்கு இருந்தது. வீட்டுக்காரரின் மகன் கனடாவில் இருந்து வருகிறாராம், நத்தாருக்கு முன் வீட்டை விட்டு எழும்ப வேண்டும் என்று தகவல் வந்தது. அண்ணையின் மனைவி ரஞ்சி அக்கா சட்டிகளைக் கடதாசியில் சுற்றத் தொடங்கினா. வீடு மாறி மாறி, கண்ணைக் கட்டிவிட்டாலும் சுற்றுகிற அளவுக்குப் பழகிய கை. அதைப் பார்த்த அன்றுதான் அண்ணை சொந்தமாக ஒரு வீடு வாங்குவதென்று முடிவெடுத்தார்.

வீடும் அகப்பட்டது. புடவைக்கடை ஹாஜியாரின் சின்ன ஓட்டு வீடு, பின்னால் நல்லதண்ணிக் கிணறு. வங்கி கடன் தரும், ஆனால் முற்பணத்தை வீடு வாங்குகிறவர்தான் போட வேண்டும். ஊருக்கெல்லாம் முற்பணம் கொடுத்த மனிதரிடம் தன் வீட்டு முற்பணம் முழுவதற்கும் காசில்லை. எல்லாம் கடலில் போய்வந்துகொண்டிருந்தது. முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு முற்பண உதவி கொடுக்கும் அரசாங்கக் கந்தோர் ஒன்று இருப்பது தெரியவந்ததும் என்னைப் பிடித்தார்.

"வெளிக்கிடு. அட்வான்ஸ் வாங்கின ஆளல்லோ நீ."

கந்தோரில் ஓர் இளம் மிஸ் பொறுமையாக விளக்கினா. "வீட்டை விக்கிறவருக்கு நீங்கள் ஏதும் காசு குடுத்திருந்தால் உதவி கிடைக்காது, ஐயா."

"ஹாஜியாருக்கு ஒரு சின்ன அட்வான்ஸ் மட்டும்தான் மிஸ் குடுத்தனான்."

"அதைத்தான் குடுக்கக் கூடாது."

"நீங்கள் அட்வான்சுக்குத்தானே உதவி செய்யிறியள்?"

"ஓம். அதாலதான் குடுத்திருக்கக் கூடாது."

அண்ணை என் பக்கம் திரும்பினார். "தம்பி, விளங்கப்படுத்து." நானும் வாயைத் திறந்தேன். முடிக்கும்போது அண்ணைக்கு ஒன்றும் விளங்கியிருக்கவில்லை. அதுவரை ஓரளவு விளங்கியிருந்த எனக்கும் விட்டுப்போயிருந்தது. மிஸ் தண்ணீர் குடித்தா.

காசைத் திருப்பி வாங்குவதைத் தவிர வழியில்லை. ஹாஜியார் கல்லாப்பெட்டியில் கையை வைத்தபடி அண்ணையைப் பார்த்தார்.

"தாறன். ஆனா தந்தா பேச்சு முறிஞ்சது. கொழும்பு ஆள் ஒருத்தரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் வந்து நிண்டா, நான் மாட்டன் எண்டு சொல்ல ஏலாது. யாவாரத்துக்கு ஒரு நீதி இருக்கு."

"எனக்குத் தெரியாத நீதியோ, ஹாஜியார்?" என்று அண்ணை காசை வாங்கிக்கொண்டார். தன் சொந்தக் காசை எண்ணிக்கூடப் பார்க்காமல் மடியில் செருகினார்.

உதவி வருமட்டும் அந்த வீட்டை அவருக்குக் கட்டிவைக்க ஒரு நூலும் இல்லை. அண்ணை அந்தத் தெருவிலேயே சுற்றத் தொடங்கினார். தை மாதத்தில் இருந்து ஆட்டுப்பால் ஊற்றச் சொல்லிப் பால்காரிக்கு அட்வான்ஸ். காலையில் பாண் ரொட்டி கொண்டுவருகிற ஓட்டோக்காரருக்கு அட்வான்ஸ். வீட்டு வளவுத் தென்னையில் தேங்காய் பறிக்கிறவருக்கு அட்வான்ஸ். பக்கத்து வீட்டு நாய்க்கு பிஸ்கட்.

"நாய்க்கு எதுக்கண்ணை?"

"மற்ற ஆக்களைக் கண்டால் குரைக்கட்டும் எண்டு. மிஸ் வீட்டுக்குத்தானே குடுக்கக் கூடாது எண்டவ?"

கொழும்புக்காரர் வந்த அன்று நாய் தன் கடமையைச் செய்தது. "அட்வான்ஸ் அண்ணையின்ர வீட்டில உங்களுக்கு என்ன அலுவல்?" என்று பாண்காரர் ஓட்டோவைக் குறுக்கே நிறுத்தினார். தேங்காய் பறிக்கிறவர் மரத்தில் இருந்தபடியே, "அண்ணை ஆக்கள் நத்தாருக்கு வருகினம்!" என்றார். கொழும்புக்காரர் நேரே ஹாஜியாரிடம் போனார்.

"வீட்டை வித்திட்டீங்களா?"

"இல்ல."

"அட்வான்ஸ் வாங்கினீங்களா?"

"வாங்கினேன். திருப்பிக் குடுத்திட்டேன்."

"அப்ப ஏன் தெருவே அவர் வீடு எண்டு சொல்லுது?"

"எனக்கும் அதுதான் விளங்கல்ல."

வில்லங்கமுள்ள வீடு என்று அவர் அன்றே கொழும்புக்கு வண்டி ஏறிவிட்டார்.

அடுத்த கிழமை மிஸ் விசாரிக்க வந்தா. இந்த ஐயா யாருக்காவது அட்வான்ஸ் கொடுத்தாரா என்று பால்காரியைக் கேட்டா.

"ஓம் மிஸ், தந்திட்டார்!"

அண்ணை கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எதுக்கு?"

"பாலுக்கு."

"எனக்கும் தந்தவர்," என்றார் பாண்காரர் பெருமையாக. "எனக்கும்!" என்று மேலே இருந்து ஒரு குரல்.

"வீட்டுக்கு?" என்றா மிஸ்.

தெரு ஒருவரை ஒருவர் பார்த்தது. "அதுக்கு மட்டும் இன்னும் இல்லை," என்றாள் பால்காரி, அண்ணைக்காக வருத்தப்பட்டு. மிஸ் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், குடையை விரித்துக்கொண்டு போனா. உதவி கிடைத்தது. எந்த விதியின்படி என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

குடிபுகுந்த அன்று ரஞ்சி அக்கா அந்தோனியார் படத்தைக் கொண்டுவந்து, "இதைக் கொழுவ ஓர் ஆணி அடியுங்கோ," என்றா. வாடகை வீடுகளில் ஆணி அடிக்க யார் விட்டார்கள்? அண்ணை சுத்தியலோடு சுவர் சுவராகத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, எங்க அடிக்கிறது?"

"உங்கட சுவரண்ணை. எங்கயும் அடிக்கலாம்."

"எங்கயும் எண்டால்?"

அவ்வளவு குழம்பி நான் அவரைக் கண்டதில்லை. கடைசியில் ஓரிடத்தில் ஆணியை வைத்து, ஓங்கின கையை இறக்காமல் நின்றார். ஓர் ஆணிக்குச் சுவர் விழாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போய் இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு, "இப்ப அடியுங்கோ அண்ணை," என்றேன்.