பிளான்காரரின் மூன்று ரேம்

கணினியை வேகமாக்க வாங்கிவந்த ரேம் அளவில் பாதிதான் இருந்தது. ஸ்லாட்டின் ஒரு முனையில் வைத்தால் மறுமுனையில் இரண்டு அங்குலத்துக்கு மேல் காலியாக நின்றது.

"என்னங்க, பொருந்திடுச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"பொருந்தும்."

"பாதிக்குப் பாதி குட்டையா இருக்கே."

"இது லேப்டாப்புக்கு உள்ளதாம். எதுக்குன்னு கடைக்காரன் கேக்கவே இல்ல."

கடைக்காரர் கேட்டிருந்தார். இவர்தான் காதில் போட்டுக்கொள்ளாமல் கவுன்ட்டரில் இருந்த முதல் ரேமைக் காட்டி, "இதைக் குடுப்பா" என்று வாங்கி வந்திருந்தார்.

வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். அதனால் எல்லோருக்கும் அவர் பிளான்காரர். காகிதத்தில் இருபது வருடம், கணினியில் பதினைந்து வருடம். மற்றவர்கள் வீட்டில் வரவேற்பறை எங்கே, படுக்கையறை எங்கே என்று முடிவு செய்து செய்து, தன் வீட்டில் கணினி இருக்கும் அறையைத் தவிர வேறு அறைகள் இருப்பதையே மறந்துபோனவர்.

அந்தக் கணினி ஒரு வருடமாக ஆமையாகிவிட்டது. பொத்தானை அமுக்கினால் திரை வர ஐந்து நிமிடம். வரைபட மென்பொருள் திறக்க இன்னும் ஏழெட்டு நிமிடம். மாடி வீடு என்றால் படியேறி வருவதற்குள் பொழுது விடிந்துவிடும். அதுவரை பிளான்காரர் சமையலறைக்குப் போய், வாசல் நிலையில் சாய்ந்து நின்று கணினியைத் திட்டுவார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள். திட்டு தீர்ந்தபின் பேச்சு வேறெங்காவது போகும்.

"போன வருஷம் கம்ப்யூட்டருக்கு ஃபேன் மாத்த வந்துச்சே அந்த மெக்கானிக் அம்மா, அது கை வெச்சதுலேருந்துதான் இப்படி" என்பார்.

"பாவம், அவங்களை ஏன் சொல்றீங்க" என்பாள் மனைவி, உடனே.

மகளும் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஒருநாள் அடுத்த அறையிலிருந்து மனைவி யாருடனோ பேசுவது கேட்டது. எட்டிப் பார்த்தார். ரேடியோவில் செய்தி வாசிப்பவர் "வணக்கம்" சொல்ல, இவள் பதில் வணக்கம் சொல்லி, "இன்னிக்கு உங்களுக்குத் தொண்டை சரியில்ல போல" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். பிளான்காரருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, இத்தனை வருடமும் இவளை இப்படித்தான் விட்டிருக்கிறோம் என்று வருத்தப்பட்டார்.

அன்றுதான் முடிவெடுத்தார். கணினியை வேகமாக்குவது, வேலையைச் சீக்கிரம் முடிப்பது, மிச்சமாகும் நேரம் முழுக்க மனைவிக்கு.

"ரேம் மட்டும் கூட்டிட்டேன்னு வெச்சுக்கோ, சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கடையைக் கட்டிடுவேன். அப்புறம் நீ பேசு, நான் கேக்கறேன்."

"இப்பவே நல்லாத்தானேங்க இருக்கு" என்றாள் அவள்.

கணினி பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்.

இரண்டாவது முறை ஏமாறக்கூடாது என்று, உள்ளே இருந்த ஒற்றை ரேமை அளந்து அதற்கு ஒரு பிளான் போட்டார். மேலிருந்து ஒரு தோற்றம், பக்கவாட்டில் ஒரு தோற்றம், நீளம், உயரம், எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக. பழக்கதோஷத்தில் மூலையில் வடக்குத் திசையையும் குறித்திருந்தார்.

கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது எந்த ரகம், டிடிஆர் மூணா, நாலா?"

"நீளம் நூத்தி முப்பத்து மூணு."

"நீளம் ரெண்டுக்கும் அதேதான் சார். பழசைக் கழட்டி எடுத்துட்டு வந்தா பார்த்துச் சொல்லிடுவேன்."

"பிளான் கையில இருக்கறப்ப வீட்டையே தூக்கிட்டு வரணுமா?"

கடைக்காரர் அதற்குமேல் வாதாடவில்லை. எடுத்துக் கொடுத்தார்.

நீளம் அச்சு அசலாகப் பொருந்தியது. ஆனால் ரேமின் அடியில் இருக்கும் சின்ன வெட்டு, ஸ்லாட்டில் இருந்த மேட்டுக்கு நேராக வரவில்லை. சில மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் கடைக்குத் திரும்பியிருப்பார்கள். பிளான்காரரோ தன் ஆயுளில் நூற்றுக்கணக்கான வாசல்களை நகர்த்தியவர். மனைவியின் நகம் தேய்க்கும் அரத்தை எடுத்துவந்தார்.

"என்னங்க, அது மெஷினுங்க. செவரு இல்ல."

"கொஞ்சம் சும்மா இரு. நாலு மில்லிதான்."

ரேமின் வெட்டைத் தேய்த்தார். அமுக்கினார். ரேம் உள்ளே போகவில்லை. அதன் தூள்தான் போனது. போதாக்குறைக்கு மேசையிலிருந்த ஒரு ஸ்க்ரூ உருண்டு எங்கோ மறைந்தது. மனைவி அப்போதுதான் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "பொண்ணு காலையில பேசினா..." என்று ஆரம்பித்தாள்.

"இப்ப வேணாம்மா. ஸ்க்ரூவைக் காணோம்."

அவள் பேச்சை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூவைத் தேடினாள். முட்டி வலிக்காரி. கண்டுபிடித்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். மகள் என்ன சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. அதற்காக அவர் பின்னால் வருந்தினார், ஆனால் பின்னால்தான்.

மூன்றாவது தடவை ரோஷத்தை விட்டு, பழைய ரேமையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

கடைக்காரர் திரும்பி வந்த இரண்டாவது ரேமைக் கையில் எடுத்தார். "இதை எலி கடிச்சுதா சார்?"

"ஆமா" என்றார் பிளான்காரர்.

மூன்றாவது ரேம் எல்லா வகையிலும் சரியானது. மாட்டினார். பொத்தானை அமுக்கினார். கணினி மூன்று முறை பீப் என்று அழுதது. திரை இருட்டு. புதியதை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் மாட்டினார். அப்போதும் அழுகைதான். மெதுவாக ஓடியதும் போய், இப்போது ஓடவே இல்லை.

ஒரு வாரம் போயிற்று. மாடி வீடு கட்டும் மேஸ்திரி தினமும் போன் செய்து படிக்கட்டுப் படம் என்னவாயிற்று என்றார். பிளான்காரர் பெட்டியைக் கழற்றினார், பூட்டினார், கழற்றினார். சாப்பாடு மேசைக்கே வந்தது. சமையலறை வாசல் நிலையில் சாய்ந்து நின்று எத்தனை நாளாயிற்று என்பது ஒருகணம் உறைத்தது. எல்லாம் அவளுக்காகத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கடைசியில் வேறு வழியில்லாமல் அந்த மெக்கானிக் அம்மாவையே கூப்பிட்டார். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். வழக்கமாக யார் வந்தாலும் தண்ணீர் கொண்டுவந்து நீட்டும் மனைவி, அன்றைக்கு ஏனோ சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

மெக்கானிக் அம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள். "ஸ்லாட்டுல ஒரே தூளா இருக்கே, யாரு சார் அரம் போட்டது?"

"வாசலைக் கொஞ்சம் நகர்த்தினேன்."

அவள் பிரஷ்ஷால் தூளைத் துடைத்தாள். ரப்பர் கேட்டு வாங்கி, ரேம் இரண்டின் அடிப்பற்களையும் பளபளவென்று தேய்த்து மாட்டினாள். பொத்தானை அமுக்கினாள்.

பிளான்காரர் கண்ணாடியை மூக்கில் ஏற்றுவதற்குள் திரை வந்துவிட்டது. மென்பொருள் திறந்தது. மாடி வீடு, படிக்கட்டு உட்பட, வந்து நின்றது.

"ஏம்மா, இங்க வந்து பாரேன். இருபது செகண்டு."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மெக்கானிக் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் திரையை மட்டும் பார்த்தாள்.

"நல்லாருக்குங்க" என்றாள். "பொண்ணு அடுத்த மாசம்..."

"இந்தப் படிக்கட்டை மட்டும் திருத்திட்டு வந்துடறேன். மேஸ்திரி உயிரை வாங்கறான்."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். பிளான்காரருக்கு மனசு சங்கடப்பட்டது. எழுந்து பின்னால் போக வேண்டும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் கை மவுஸை விடவில்லை. அந்தச் சங்கடத்தை யார் தலையிலாவது இறக்க வேண்டியிருந்தது.

"போன வருஷமே நீங்க ஒழுங்கா பார்த்துக் குடுத்திருந்தா, எனக்கும் அவளுக்கும் எவ்வளவு நேரம் மிச்சமாயிருக்கும் தெரியுமா? ஒரு வருஷம் வீணாப் போச்சு."

மெக்கானிக் அம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன வருஷம் இதுல ரெண்டு ரேம் இருந்துச்சு சார், ஒண்ணைக் கழட்டிடச் சொன்னது உங்க வீட்டு அம்மாதான், இது திறக்கற வரைக்கும்தான் நீங்க அவங்ககிட்ட பேசறீங்கன்னு."