எதிர்க் கட்டடத்துப் பங்காளி

பொறாமைப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். ஹைதராபாத்தில், எங்கள் அலுவலகத்தில், என் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

எங்களுடையது சிப் வடிவமைக்கும் சின்னக் கம்பெனி. வாடகைக்கு ஒரே ஒரு தளம். சாலைக்கு எதிர்ப்புறம், அதே தொழிலில் கொடிகட்டிப் பறந்த பெரிய கம்பெனியின் கண்ணாடிக் கட்டடம். கோபிசெட்டிபாளையத்துக்காரரான இந்த சீனியர் எஞ்சினியர் அதைப் ‘பங்காளி ஊடு’ என்பார். கடைசியில் அவருக்கே பங்காளி என்று பெயர் நிலைத்தது. நாலு மணி டீயோடு ஜன்னலில் நின்று வயிறெரிவது அவருடைய அன்றாட அனுஷ்டானம்.

“அம்மணி, பங்காளி ஊட்டுல புல்லுக்கே ஷவர்ல தண்ணி உடறானுங்க. நம்ம பாத்ரூம்ல வருதுங்களா?”

அவர்கள் பஸ்ஸில் ஏசி கெட்டுப்போன அன்று அலுவலகம் முழுவதற்கும் ஒஸ்மானியா பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்.

எனக்கோ அவர் மேல் பொறாமை. என் யோசனைகளைக் காரணங்களோடு வரிசைப்படுத்தி, தலைப்பிட்டு, மேனேஜரிடம் கொடுப்பேன். மேனேஜர் தலையாட்டிவிட்டு, “பங்காளி என்ன சொல்றார்?” என்பார்.

பங்காளி சொன்னது இதுதான்: வேகத்தில் அவர்களோடு ஓடக் கூடாது. அவர்கள் சிப்புக்கு போர்டில் செருகும் கால்கள் எங்கெங்கே உண்டோ அங்கேயே நம்முடையதற்கும் இருக்க வேண்டும். ஆனால் சூடாகக் கூடாது. “அவன் உக்காந்த நாற்காலியிலயே நாமளும் உக்காரோணும். அவனாட்டம் வேர்க்கக் கூடாது.” அப்படியே வேகத்தைக் குறைத்துச் செய்தோம். எனக்கு அவமானமாக இருந்தது.

ஊர் ஓரத்து உப்பல் பகுதியில் செட்-டாப் பாக்ஸ் செய்யும் தொழிற்சாலையின் ஆர்டர் கிடைக்காவிட்டால் எங்கள் தளத்தையே மூடிவிடுவதாக இருந்தார்கள். அங்கே ஏற்கெனவே பெரிய கம்பெனியின் சிப்தான். தொழிற்சாலை முதலாளி, தாத்தா காலத்திலிருந்து ஹைதராபாத்தில் இருக்கும் தமிழர். பங்காளியோடு அங்கே போய் நான் ஆரம்பித்தேன். “முதலாவது, விலை. இரண்டாவது...”

“நக்கோம்மா, வேண்டாம்!” என்று ஹைதராபாத் உருது கலந்து கும்பிட்டார். “உங்க சிப்புக்காக போர்டை மாத்தணுமா, கைக்கு, எதுக்கு? இப்ப இருக்கற சிப் சுடுதுன்னு ஃபேன் வெச்சு, தூசி போயி, பாதி பாக்ஸ் ரிட்டர்ன் வருது.”

பங்காளி எழுந்தார். சோதனை போர்டிலிருந்த அவர்கள் சிப்பைக் கழற்றிவிட்டு எங்களுடையதைச் செருகினார். ஃபேனைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டிவியில் படம் வந்தது. டீ வந்து, குடித்து முடித்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது. முதலாளி சிப்பின் மேல் விரல் வைத்துப் பார்த்தார்.

“ஹவ், ஆமா, சுடவே இல்லையே பா!”

ஆர்டர் வந்தது. தளம் தப்பியது. அடுத்த மாதமே, உப்பலைக் கோட்டைவிட்ட பெரிய கம்பெனி பங்காளியையே வேலைக்கு இழுத்துக்கொண்டது. அவர் பதவி எனக்கு வந்தது, நான் ஆசைப்பட்டபடியே.

அவர் அங்கே சேர்ந்த அன்று நாலு மணிக்கு போன் அடித்தது.

“அம்மணி, உங்க ஊட்டு ஜன்னல்ல பூந்தொட்டி தெரியுது. இங்க ஒரு செடி வெக்க உடமாட்டீங்கறானுங்க. குடுத்து வெச்சவங்க நீங்க!”

நிமிர்ந்தேன். எதிரே கண்ணாடிக்குப் பின்னால் டீயோடு ஓர் உருவம்.

அதன்பின், வெயில் முகத்திலடித்தாலும் நாலு மணிக்கு நான் திரையை இழுத்துவிடுவதில்லை. பாவம், நிம்மதியாகப் பொறாமைப்படட்டும். எனக்கும் அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் வயிறெரிகிறது. புல்லுக்கு ஷவர் இருப்பதற்காக அல்ல. அவர் அங்கே இருப்பதற்காக.