இரைச்சல் நீக்கப்பட்ட குடும்பம்

குடும்ப வீடியோக் காப்பாளர் என்றொரு இனம் உண்டு. வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். இரண்டு பேர் இருந்தால் அந்த வீட்டில் நிம்மதி இருக்காது. பழைய கேசட் காமிராவில் பிடித்த பிறந்தநாள், கடற்கரை, கிறிஸ்துமஸ் அத்தனையையும் கணினியில் ஏற்றி, புது வடிவத்துக்கு மாற்றி, பெயர் சூட்டி, வருங்காலத் தலைமுறைக்குப் பத்திரப்படுத்துவதுதான் இவருடைய பிறவிப் பயன். பார்ப்பதா? அது வேறு யாருடைய வேலையோ.

கிறிஸ்துமஸே கொளுத்தும் கோடையில் வருகிற பெண்டிகோ ஊரில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்ற கிரேம் பாஸ்கோ இந்த இனத்தில் முதல் தரம். அவருடைய கார் தெருவில் வெயிலில் காயும். காரேஜுக்குள் ஹார்டு டிஸ்குகள் மின்விசிறிக் காற்று வாங்கும். கோடையில் ஊரே நீச்சல் குளத்தில் கிடக்கும்போது, இவர் திரையில் ஊர்ந்து போகும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கோடு நிரம்பும். ஒரு பெருமூச்சு. அடுத்த கேசட். எல்லாம் முடிகிற நேரத்தில், இதைவிட நல்ல வடிவம் ஒன்று வந்திருப்பதாக எங்கேயாவது படித்துத் தொலைப்பார். அப்புறம் என்ன, பழையபடி முதலிலிருந்துதான்.

"எப்பதான் போட்டுக் காட்டுவ, கிரேம்?" என்று மனைவி லினெட் கேட்பாள்.

"இன்னும் பக்குவத்துக்கு வரல."

"பொண்ணு கல்யாண வீடியோவுக்கும் இதத்தான் சொன்ன. அவளுக்கு விவாகரத்தே ஆயிடுச்சு."

லினெட் எல்லாவற்றையும் கேட்கவில்லை. மாரடைப்பில் போய்ச் சேர்ந்த தம்பி மெர்வுடைய குரலைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதிலும் கொல்லைப்புறத்தில் கிரிக்கெட் ஆடிய அந்த வீடியோவை எப்போது போடுவாய் என்று வருடா வருடம் கேட்பாள். மெர்வ் உயிரோடு இருந்தபோது எந்த விருந்திலும் அடுப்புப் பக்கம் நின்று சாசேஜ் புரட்டியபடி, காமிரா பிடிக்கும் மச்சானைக் கேலி செய்வதையே தொழிலாக வைத்திருந்தான். அதனால் படத்தில் அவன் விழுவதில்லை. குரல் மட்டும்தான் விழும்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு மெர்வுடைய மகள் நரெல் டார்வின் நகரிலிருந்து வருவதாக இருந்தது. "அப்பா முகம் போட்டோவுல இருக்கு அத்தை. குரல்தான் மறந்துக்கிட்டே வருது" என்று அவள் போனில் சொன்னதைக் கேட்ட பிறகு லினெட்டுக்குப் பொறுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மதியம், பக்குவமோ பக்குவமில்லையோ, போட்டே ஆக வேண்டும் என்று கணவனுக்குக் கெடு வைத்துவிட்டாள்.

அந்த மதியமும் வந்தது. இறாலும் குளிர்ந்த ஹாம் இறைச்சியும் முடிந்து, ஆளுக்கொரு தட்டில் பாவ்லோவா கேக்கோடு எல்லோரும் உட்கார்ந்தார்கள். கிரேம் திரைச்சீலையை இழுத்துவிட்டு, மாப்பிள்ளைத் தோரணையில் பொத்தானை அமுக்கினார். படம் என்றால் அதுதான் படம். புல் நேற்று முளைத்தது போலப் பச்சை. குழந்தைகள் மெழுகுவர்த்தி ஊதுகிறார்கள், பரிசைப் பிரிக்கிறார்கள், ஒவ்வொரு சொல்லும் மணிமணியாகக் கேட்கிறது. பின்னால் ஒரு ஈயின் சத்தம்கூட இல்லை. கோடைகாலத்துப் பெண்டிகோ ஊரில் ஈ இல்லாத வீடியோவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ஒன்று முடிந்து இன்னொன்று ஓடியது.

"அப்பா எங்க மாமா?" என்றாள் நரெல்.

"பின்னணி இரைச்சல் எல்லாத்தையும் எடுத்துட்டேன்ம்மா. அதுக்குன்னே ஒரு மென்பொருள் இருக்கு. காத்து, ஈ, அடுப்புச் சத்தம், பின்னால யாரோ கத்திக்கிட்டே இருக்கிறது..."

அந்த 'யாரோ'வில் வந்து கிரேமின் நாக்கு நின்றது.

"அசல் இருக்கில்ல?" என்றாள் லினெட்.

இல்லை. சுத்தம் செய்த பிரதி காரேஜில் ஒன்று, வங்கிப் பெட்டகத்தில் ஒன்று, இணையத்தில் ஒன்று என்று காட்டுத்தீ வந்தாலும் வெள்ளம் வந்தாலும் அழியாதபடி இருந்தது. அசல் வெறுமனே இடத்தை அடைக்கிறது என்று அவரே அழித்திருந்தார். கேசட்டுகள் அதற்கும் முன்பே குப்பைக்குப் போயாயிற்று. நரெல் தட்டைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கிரிக்கெட்டைப் போடு" என்றாள் லினெட்.

"அது கெட்டுப்போச்சு. வெறும் இருட்டு. சுத்தம் பண்ணக்கூட எடுக்கல, ஒதுக்கி வச்சுட்டேன்."

"கெட்டுப்போனதையே போடு."

போட்டார். திரை கருப்பு. ஆனால் ஈ மொய்த்தது, காற்று வீசியது, ஸ்டம்புக்குப் பதில் நிறுத்திய குப்பைத் தொட்டியில் பந்து டொம்மென்று மோதியது. அப்புறம் காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல்.

"லினெட், மெதுவா இங்க வா. உன் புருஷன் காமிராவ ஸ்டாண்டுல மாட்டிட்டு, மூடியத் தொறக்காமலே பந்து போடப் போயிட்டான். சொல்லிராத, என்ன? போட்டுப் பார்ப்பான்ல, அப்ப அவன் மூஞ்சிய நான் பார்க்கணும்."

தூரத்திலிருந்து இளவயதுக் கிரேம் கேட்டார்: "எல்லாம் பதிவாகுதா மச்சான்?"

"பிரமாதமா பதிவாகுது மச்சான்."

மெர்வ் சிரித்தான். அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல், மூச்சு வாங்கச் சிரித்தான். நரெலும் அதே சிரிப்பைச் சிரித்துக்கொண்டே அழுதாள்.

"சொல்ல மாட்டேன்னு அவனுக்கு வாக்குக் கொடுத்துட்டேன்" என்றாள் லினெட். "நீயா ஒரு நாள் போட்டுப் பார்ப்பேன்னுதான் இத்தன வருஷமாக் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

கருப்புத் திரையை விட்டு எல்லோரும் கிரேம் பக்கம் திரும்பினார்கள். மெர்வ் பார்க்க ஆசைப்பட்ட அந்த முகத்தை, மெர்வைத் தவிர எல்லோரும் பார்த்தார்கள்.

இனத்தின் குணம் லேசில் போகுமா? மறுநாள் காலையிலேயே கிரேம், இருட்டை வெளிச்சமாக்கும் மென்பொருள் உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். லினெட் காரேஜ் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். உங்களிடம் காரேஜும் இல்லை, காமிரா ஸ்டாண்டும் இல்லை. இருப்பது ஒரு போன்தான். அதில் இடம் போதவில்லை என்று போன வாரம் சிலவற்றை அழித்தீர்களே: ஆடிப்போன வீடியோ, இருட்டான வீடியோ, பின்னால் யாரோ பேசிக் கெடுத்துவிட்ட வீடியோ. அந்த யாரோ, யார்?