சர்வேயர் வென்ற போர்

அடைமழைக் காலம், ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. விளக்குப் போட வேண்டிய அளவுக்குக் கூடம் அப்போதே இருண்டிருந்தது. சாப்பாட்டு மேசையை முழுதாக மூடிக் கிடந்தது ஒரு போர்க்கள வரைபடம். அதன்மேல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைச் சிப்பாய்கள். இந்தப் பலகை விளையாட்டில் ஒரு போரை ஆடி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். விதிநூல் மட்டும் தொண்ணூறு பக்கம். ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து கொடுத்தவர் அவ்வீட்டுச் சர்வேயர். தாம் ஆள ஓர் அங்குலமும் இல்லாதவர். ஆகவே இந்தப் போருக்குத் தம்மை முழுமையாக ஒப்புக்கொடுத்திருந்தார்.

மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து நனைந்தபடி வந்து நின்றாள். வாதம் வந்து அவள் தந்தைக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. காலையில் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். கட்டில் போட அந்தக் கூடத்தை விட்டால் வேறிடம் இல்லை.

"ஏங்க, இதை எடுத்துடுங்க. ஆடியே ஆகணும்னா சதுரங்கம் ஆடுங்க. அரை மணியில முடியும், மடிச்சுப் பரண்ல போட்டுடலாம்."

"சதுரங்கமெல்லாம் ஒரு போரா? இதுல சிப்பாய்க்குப் பசிக்கும், காய்ச்சல் வரும், சேத்துல வண்டி மாட்டும்!"

"எங்கப்பாவுக்கும்தான் பசிக்கும்."

"உங்கண்ணன் கூட்டிட்டுப் போகட்டுமே."

"அண்ணன் அண்ணியைக் கேக்கணுமாம். அண்ணி ஃபோனையே எடுக்கல."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் வரைபடத்தின் வடக்கு எல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, ஒரு பந்தயம். நீயே எதிரணி ஆடு. நீ ஜெயிச்சா மேசை உனக்கு. நான் ஜெயிச்சா இதுல யாரும் கை வைக்கக் கூடாது."

"விதி?"

"புத்தகத்துல என்ன இருக்கோ, அதுதான் இந்த வீட்டுக்கும் சட்டம்."

தொண்ணூறு பக்கத்தை அவள் படிக்கமாட்டாள் என்பது அவர் கணக்கு. அவரே நாற்பதைத் தாண்டவில்லை. அவளோ எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறவள். அன்றும் அப்படியே புரட்டினாள்.

"நான் சரணடையறேன்."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

"ஆரம்பிச்சா ஆளுங்க சாவாங்க. நீங்க ஜெயிச்சுட்டீங்க."

சர்வேயர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். திருமணமான நாள்முதல் அவர் கண்ட முதல் வெற்றி.

அவள் கடைசிப் பக்கத்தை நீட்டினாள். "இப்ப இதைப் படிங்க."

அவர் உரக்கப் படித்தார்: "சரணடைந்த தரப்பில் காயமுற்றோரை வென்றவர் தமது பாளையத்திலேயே வைத்து, உணவும் மருந்தும் அளித்துக் காக்க வேண்டும். தவறின், வெற்றி எதிர்த்தரப்பைச் சேரும்." குரல் போகப்போகத் தேய்ந்தது.

"என் தரப்புல ஒருத்தர்தான். காலையில ஒன்பது மணிக்கு வர்றார்."

"அது அட்டைச் சிப்பாய்க்குப் போட்ட விதி!"

"அட்டைன்னு எங்க இருக்கு? முடியாதுன்னா சொல்லுங்க, மேசை எனக்கு."

பாளையத்தில் இடம் வேண்டுமே. வென்றவர் தாமே மேசையைப் பால்கனிக்கு இழுத்துப் போட்டார். விடிவதற்குள் சாரலில் வடக்கு எல்லை ஊறிப் பிய்ந்தது.

கட்டிலில் கிடந்தபடியே முதியவர் அதைக் கண்டார். கோணிய வாயால், "யாரு ஜெயிச்சது, மாப்பிள்ளை?" என்றார்.

"நான்தான், மாமா."

"பாவம்."

கஞ்சி ஊட்டியதும், புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்ததும் சர்வேயர்தான். வாடகைக்கு எடுத்த கட்டிலுக்கு மாதம் பிறந்ததும் அவரே பணம் கட்டினார். கோடையில் முதியவர் இறந்தார். அடக்கச் செலவில் பாதி தருவதாக மைத்துனர் சொன்னார். அது வரவில்லை; மறுவாரம் செலவு முழுவதையும் சர்வேயரே கொடுத்துத் தீர்த்தார். தோற்ற நாடு கடைசிவரை போர் நஷ்டஈடாக ஒரு காசும் கட்டவில்லை.