அளக்காத மெத்தைக் கம்பெனி

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மச்சினன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டாரும் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், ஏனென்றால் அக்கா என் போனை எடுப்பதில்லை. இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்குத் தபாலில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். நேரில் வந்தால் கதவைச் சாத்துகிறாள். வீட்டு விலாசத்துக்குப் போட்டால் பிரிக்காமலே கிழிப்பாள் என்பதால்தான் கம்பெனி விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

நடந்ததை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். நகராட்சி வருவாய்ப் பிரிவில் இத்தனை காலமும் என் வேலை, வந்த வரியைக் கணக்கில் எழுதுவது. இப்போது மேலிடத்து உத்தரவு, சலுகை கொடுத்ததால் வராமல் போன வரி எவ்வளவு என்று கணக்கிட்டு, நான் கையெழுத்துப் போட்டு, ஊரார் பார்க்க ஆபீஸ் சுவரில் ஒட்ட வேண்டுமாம். வந்த பணத்தை எண்ணலாம், வராத பணத்தை எப்படி அத்தான் எண்ணுவது? சரி, பழைய கோப்பைப் பார்ப்போம் என்று எடுத்தால், வரிச் சலுகை வாங்கிய உங்கள் மெத்தைக் கம்பெனிக்கு நேரே பரப்பளவுக் கட்டம் காலி. பில் கலெக்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வரியே இல்லாத கட்டடத்தை எதுக்கு சார் அளக்கணும்? வேகாத வெயில்ல போய் அளந்துட்டு வந்து சைபர்னு எழுதவா?"ங்கறார். அவர் சொல்றதும் நியாயமாத்தான் படுது. எங்க ஆபீஸ்ல சலுகை கொடுத்த ஒரு கட்டடத்தையும் இதுவரைக்கும் யாரும் அளந்தது கிடையாது. அப்போ வருஷா வருஷம் மேலிடத்துக்கு நட்டம்னு ஒரு பழைய தொகையையே அனுப்பினோமே, அது எங்கேருந்து வந்துச்சுன்னு தோண்டிப் பார்த்தா, எனக்கு முன்னாடி இருந்த மகானுபாவர் பக்கத்துக் கட்டடத்துக்கு வர்ற வரியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கார். பக்கத்துக் கட்டடம் எதுன்னு உங்களுக்குத் தெரியாதா? சைக்கிள் பஞ்சர் ஒட்டுற கொட்டகை! லாரி உள்ளே போய் வளைஞ்சு திரும்பி வர்ற உங்க கம்பெனியால ஊருக்கு ஆன நட்டம், ஒரு பஞ்சர் கொட்டகை!

சரி, அளந்தே தீருவோம்னு டேப்பை எடுத்துக்கிட்டு நானே கிளம்பினேன். கொட்டகையைத் தாண்டி உங்க கேட்டுக்கு வர்றதுக்குள்ள, புதருக்குள்ள நட்டிருந்த ஏதோ ஒரு பாழாப்போன கல்லு தடுக்கிக் கால் கட்டைவிரல் நகம் பேந்துடுச்சு. நொண்டிக்கிட்டே உள்ளே போனா, சுவரே தெரியாதபடி மேற்கூரை வரைக்கும் மெத்தை. டேப்போட ஒரு முனையைப் பில் கலெக்டர்கிட்ட கொடுத்து மெத்தைங்களுக்கு நடுவுல அனுப்பினேன். ரொம்ப நேரமா டேப் அசையவே இல்லை. போய்ப் பார்த்தா மனுஷன் குறட்டை விட்டுத் தூங்கறார். அவரைத் தட்டி எழுப்பிக்கிட்டு இருக்கும்போதுதான் உங்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு அக்கா வந்தா. "கூடப் பிறந்தவ கம்பெனிக்கே டேப்பைத் தூக்கிட்டு வந்துட்டியா?"ன்னா. நீங்க கணக்குப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க. "பெரிய தொகையா எழுதிக் கொடு, சலுகையை ரத்து பண்ணட்டும். அதுக்கப்புறம் எனக்குத் தம்பியே கிடையாது"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுப் போயிட்டா. அவ என்னைத் திட்டியிருக்கா, அடிச்சும் இருக்கா. அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை அத்தான்.

ஒரு வழியா அளந்து முடிச்சேன், அதோட விட்டாங்களா? ஆபீஸ் கூட்டத்துல அடுத்த கூத்து. "சலுகை கொடுக்கலேன்னா மெத்தைக் கம்பெனிக்காரர் வேற ஊருக்குப் போயிருப்பார், அப்போ நமக்கு எப்படியும் வரி வந்திருக்காது, அதனால நட்டம் சைபர்"ங்கறார் நகராட்சித் தலைவர். "அவர் எப்படியும் இங்கேதான் வந்திருப்பார், அதனால முழு வரியும் நட்டம்"ங்கறார் தணிக்கை அதிகாரி. ரெண்டு பேரும் ஒருசேர என்னைப் பார்க்கறாங்க, ஏன்னா நான் உங்க மச்சினனாம், உங்க மனசு எனக்குத் தெரியுமாம். உங்க மனசு உங்களுக்கே தெரியாதே அத்தான்! மனு எழுதும்போது "சலுகை இல்லையேல் வேறு ஊருக்குச் செல்ல நேரிடும்"னு கண்ணீர் விட்டீங்க. என் வீட்டுக் கூடத்துல உட்கார்ந்து, "சலுகையாவது மண்ணாவது, உங்க அக்கா இந்த ஊரை விட்டு வரமாட்டேன்னுட்டா, மனு போடறதுக்கு முன்னாடியே இங்கே இடம் வாங்கிட்டேன்"னு சிரிச்சதும் நீங்கதான். இதுல எதை எழுத? உண்மையை எழுதினா அக்கா போயிடுவா. பொய் எழுதினா என் கையெழுத்து அந்தச் சுவத்துல தொங்கும், போறவன் வர்றவனெல்லாம் காறித் துப்புவான்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துல கணக்கை வைக்கணும். அதுக்குள்ள உங்க கைப்பட ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்க. சலுகை இல்லேன்னாலும் வந்திருப்பீங்களா, மாட்டீங்களா? வழக்கம்போல "பார்க்கலாம்"னு எழுதிடாதீங்க, புண்ணியமாப் போகும்.

தங்கள் தொழில் செழிக்கவும், அக்காவின் கோபம் தணியவும் வேண்டிக்கொண்டு,

தங்கள் அன்பு மச்சினன்
(அக்கா மறுபரிசீலனை செய்யும் வரை)

பி.கு.: மேலே எழுதினது எதுவும் இனி வேண்டாம் அத்தான். உறையை ஒட்டப் போற நேரத்துல, நான் எழுதி வெச்ச அளவை வரைபடத்துல குறிக்கிறதுக்குச் சர்வேயர் வந்தார். என் நகத்தைப் பேர்த்த கல்லு வேற எதுவும் இல்லையாம், ஊர் எல்லைக் கல்லாம். கொட்டகையோட நம்ம ஊர் முடிஞ்சுபோச்சு. உங்க கம்பெனி முழுக்கப் பக்கத்து ஊர்ல இருக்கு. நமக்கு வரவே வேண்டாத வரிக்கு இத்தனை வருஷமாச் சலுகை கொடுத்திருக்கோம்! நட்டம் சைபர்னு மனசாரக் கையெழுத்துப் போட்டுட்டேன். சேதி கேட்டு அக்காவே போன் பண்ணி, "என்ன இருந்தாலும் நீ என் தம்பிடா"ன்னு அழுதா. நானும் அழுதுட்டேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோட சாப்பிட வரச் சொல்லியிருக்கா.

ஒரே ஒரு விஷயம். பக்கத்து ஊர் வருவாய் அதிகாரி இப்பத்தான் வந்துட்டுப் போனார். நான் எடுத்த அளவுக்கு ஒரு நகல் கேட்டார், சர்க்கார் காகிதம், கொடுக்காம இருக்க முடியுமா? அவங்க ஊர்ல யாருக்கும் எந்தச் சலுகையும் கிடையாதாம். பழைய வருஷத்து வரிக்கெல்லாம் சேர்த்து உங்களுக்கு நோட்டீஸ் வரும்னார். ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிட்டுக் கை கழுவுற வரைக்கும் அக்காகிட்ட சொல்லிடாதீங்க அத்தான்.