அருமையான இடமும் ஓர் அரிசிக் குக்கரும்

உலகத்தில் யாருமே மோசமான இடத்துக்கு விடுமுறை போனதில்லை. சந்தேகம் என்றால் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "அருமையான இடம், கட்டாயம் போங்கோ" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் அடியேனும் ஒருவன். நான் சொன்ன பொய்யை நம்பி, முழங்கால் வலியுள்ள ஒரு பெண்மணி பாலைவனத்தில் கழிவறையைத் தேடி நடந்தார் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் சகலன் பாலா அண்ணை. என் மனைவி சுகந்தியின் அக்காவைக் கட்டியவர். அவர் இருப்பது வால்தம்ஸ்டோவில், நாங்கள் தோர்ண்டன் ஹீத்தில். லண்டனின் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் இரண்டு ரயில் மாறவேண்டும். ஆனால் அவர் எங்கே போய்வந்தார் என்ற செய்தி எங்கள் வீட்டுக்கு வர ஒரு நிமிடம் போதும். ஐஸ்லாந்துக்கு முதலில் போனவர் அவர்தான். நோர்வேக்குக் கப்பலில் போனவரும் அவர்தான். அடுத்த வருடம் நாங்கள் அதே கப்பலில் ஆறாம் தளத்து அறையில் போய்வந்தபோது, "ஆறாம் தட்டோ? அதில சத்தம் கூடுதல், தம்பி. நாங்கள் ஒன்பதாம் தட்டு" என்றார்.

இருபது வருடமாக இப்படித்தான். அவர் காலடி படாத ஒரு மண்ணில் என் காலடி முதலில் படவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. (கவுன்சில் அலுவலகத்தில் பார்க்கிங் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுகிறவனுக்கு வேறு என்ன வெறி இருக்கமுடியும்?)

மெல்பேர்னில் என் பக்கத்துச் சொந்தத்தில் ஒரு கலியாணம் வந்தது. அதைச் சாக்காக வைத்து இணையத்தில் தேடியபோது, அவுஸ்திரேலியாவின் நட்டநடுவில் ஒரு கூடார ரிசோர்ட் கண்ணில் பட்டது. வெள்ளைக் கூடாரம், அதற்குள் கட்டில், வெளியே நீலக் குளம், குளக்கரையில் தொப்பி போட்ட ஒரு பெண். மூன்று நாளுக்குப் பதிவு செய்தேன். செய்த கையோடு பாலா அண்ணைக்குப் போன் எடுத்தேன். "அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் போகேல்லை, அண்ணை" என்று நான்கு தரம் சொன்னேன்.

எங்கள் ஆட்கள் ஏன் போகவில்லை என்பது போனபிறகுதான் புரிந்தது.

கடைசி ஊரிலிருந்து ஐந்து மணி நேரம் செம்மண் பாதை. வெள்ளைக் கூடாரம் புழுதி படிந்து அதே செம்மண் நிறத்தில் நின்றது. மொத்தம் ஆறு கூடாரம், சமையலுக்கு ஒரு தகரக் கொட்டகை, ஒரு நாய். குளம் இருந்தது, தண்ணீர் இல்லை. உள்ளே ஓர் உடும்பு படுத்திருந்தது. முகாமை நடத்திய ஷெரில் என்ற பெண்மணி, அது மூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறது, யாருக்கும் தொந்தரவு செய்யாது என்று பெருமையோடு சொன்னார். கழிவறையும் குளிக்கும் இடமும் ஒரு மேட்டைத் தாண்டி முந்நூறு அடி தள்ளி. (எண்ணினேன். அங்கே எண்ணுவதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை.) ஈக்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. வாயைத் திறந்தால் உள்ளே போய்விடும் என்பதால், சுகந்தி என்னை ஏசவேண்டியதையெல்லாம் கண்ணாலேயே ஏசினாள் என்று மட்டும் சொல்கிறேன்.

இரண்டு நாள் தகரத்தில் அடைத்த பீன்ஸும் சொசேஜும்தான். மூன்றாம் நாள் மத்தியானம் சுகந்தி பெட்டியைத் திறந்தாள். கலியாணத்துக்குக் கட்டிய பட்டுச் சேலைக்குள் பத்திரமாகச் சுற்றி, லண்டனிலிருந்து வந்த எங்கள் அரிசிக் குக்கர் இருந்தது. அரிசியை மெல்பேர்னிலேயே வாங்கி வைத்திருக்கிறாள்.

"இனி என்னால ஏலாது. ஒரு பிடி சோறு. அவ்வளவுதான்" என்றாள், வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு.

கொட்டகைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மின்சாரம் சூரிய ஒளியில் வருகிறது, பெரிய சாமான்களைச் செருகவேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. நான் வாசித்தேன். எங்கள் குக்கர் அப்படியொன்றும் பெரிதில்லையே என்று முடிவு செய்து செருகினேன்.

ஐந்து நிமிடம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். மின்விசிறி நின்றது. குளிர்சாதனப் பெட்டி நின்றது. தண்ணீர் பம்பும் நின்றது என்பது, மேட்டுக்கு அப்பாலிருந்து ஜெர்மன் மொழியில் ஓர் அலறல் கேட்டபோது தெரியவந்தது. ஆறடிக்கு மேல் உயரமான ஒரு மனிதர், உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு, இடுப்பில் ஒரு துவாயோடு மேட்டில் தோன்றினார். முந்நூறு அடியும் நடந்து வந்தார். நுரை முழுக்க ஈ. கொட்டகை வாசலில் வந்து நின்று, ஆவி பறக்கும் குக்கரையும் அதைப் பிடித்துக்கொண்டிருந்த என்னையும் மாறிமாறிப் பார்த்தார். நான் அவரிடம் ஆங்கிலத்தில் சொன்ன ஒரே வசனம், "இது சோற்றுக்கு."

மின்சாரம் திரும்பி வரப் பின்னேரமாகிவிட்டது. குளிர்பெட்டியிலிருந்த இறைச்சியெல்லாம் பழுதாகிவிட்டது. அந்த முகாமில் அன்றைக்கு எங்களை அன்போடு பார்த்த ஒரே சீவன் நாய்தான். அரைவேக்காட்டுச் சோற்றை நாங்கள் இருவரும் தலை நிமிராமல் தின்று முடித்தோம்.

லண்டன் திரும்பியதும் வால்தம்ஸ்டோவில் விருந்து. பாலா அண்ணை சாப்பாட்டு மேசையில் நேரே கேட்டார். "எப்பிடித் தம்பி உம்மட பாலைவனம்?"

மோசம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் போனை எடுத்து, சூரியன் மறையும் படத்தைக் காட்டினேன். (அடியில் தெரிந்த பிளாஸ்டிக் பீப்பாவை விமானத்திலேயே வெட்டியிருந்தேன்.)

"அருமையான இடம், அண்ணை."

சுகந்திக்குப் புரைக்கேறியது. பாலா அண்ணையின் முகம் இருபது வருடத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் வாடியது. அந்தச் சந்தோஷத்தில் நான் இன்னும் இரண்டு துண்டு ஆட்டிறைச்சி போட்டுக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழித்துப் போன் வந்தது. "தம்பி, நாங்களும் அங்க புக் பண்ணிட்டம். நீர் மூண்டு நாள்தானே நிண்டனீர்? நாங்கள் ஒரு கிழமை, முழுசா ஏழு நாள்."

சுகந்தி என் முன்னால் வந்து நின்றாள். "அக்காவின்ர முழங்காலுக்கு அந்தக் கக்கூசுக்கு நடக்க ஏலுமோ? இப்பவே எடுத்து உண்மையைச் சொல்லுங்கோ. இல்லாட்டி என்னோட கதையாதேங்கோ."

எடுத்தேன். "அண்ணை, அங்க ஈ கொஞ்சம் கூடுதல்."

"ஈ எங்கதான் இல்லை?"

"கழிவறையும் கொஞ்சம் தூரம். அக்காவுக்கு முழங்கால் வேற..."

அவர் மெதுவாகக் கேட்டார். "தம்பி, குறை நினையாதையும். நாங்கள் அங்க போறது உமக்கு விருப்பமில்லையோ?"

உண்மை தொண்டைவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால், வென்ற ஒரே ஒரு ஆட்டமும் கைவிட்டுப் போய்விடும்.

"சீச்சீ! கட்டாயம் போங்கோ, அண்ணை."

இந்தக் கதையில் குக்கருக்காக நான் வெட்கப்படுவதில்லை. இந்தப் பதிலுக்காகத்தான் வெட்கப்படுகிறேன். அவர்கள் அங்கே இருந்த ஒரு கிழமையும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சோற்றைக் கண்டாலே அக்கா அந்த மேட்டில் ஏறுவது தெரிந்தது. சுகந்தி சொன்னபடியே என்னோடு கதைக்கவில்லை. இம்முறை ஈயைக்கூடக் காரணம் சொல்லமுடியாது.

அவர்கள் திரும்பி வந்ததும் மறுபடியும் வால்தம்ஸ்டோவில் விருந்து. கதவைத் திறந்த அக்காவின் முகத்தைப் பார்க்காமல் முழங்காலைத்தான் பார்த்தேன். ஒரு புதுக் கைத்தடி இருந்தது. "வாங்கோ தம்பி" என்றார். திரும்பி முன்னால் நடந்தார்.

மேசையில் நான் கேட்டேன். "எப்பிடி அண்ணை இருந்தது?"

"அருமையான இடம்" என்றார் பாலா அண்ணை. போனை நீட்டினார். அதே சூரியன், அதே மறைவு. படம் வெட்டப்பட்டிருந்ததும் அதே பீப்பாவுக்கு மேலேதான்.

பிறகு, "ஒருக்கா இஞ்ச வாரும்" என்று என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். இன்னொரு படத்தைக் காட்டினார். தகரக் கொட்டகைச் சுவர். காகிதம் இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய பலகை. அதில் கையால் வரைந்த ஓர் அரிசிக் குக்கர். அதன்மேல் குறுக்கும் மறுக்குமாகச் சிவப்பில் ஒரு பெரிய புள்ளடி.

"இது ஆரின்ர வேலை?" என்று கேட்டார்.

நான் தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன்.

"அந்த முகாம் மனிசி எங்கட பேர் கேக்க முதல் குக்கர் இருக்கோ எண்டுதான் கேட்டவ. பெட்டியைத் திறந்தும் பாத்தவ."

"இருந்ததோ, அண்ணை?"

இப்போது அவர் குழாயைப் பார்த்தார். "ரெண்டு. ஒண்டு பழுதாப்போனாலும் எண்டு அக்கா வைச்சவ."

யார் முதலில் சிரித்தது என்று ஞாபகமில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு இருவரும் கண்ணீர் வரச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபிறகு, "தெரிஞ்சுகொண்டுதான் உங்களை அனுப்பினனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அண்ணை" என்றேன்.

"ரெண்டாம் நாளே விளங்கிட்டுது. மேட்டில ஏறேக்க அக்கா உம்மை ஏசுவா, இறங்கேக்க நான் ஏசுவன். நாங்கள் ரெண்டு பேரும் அவ்வளவு நேரம் கதைச்சுக் கன வருசம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, அந்த நோர்வேக் கப்பல். ஏழு நாளும் எனக்குச் சத்தி, வாளியும் கையுமாத்தான் இருந்தனான். ஒன்பதாம் தட்டில ஆட்டம் கூடுதல்."

இருபது வருடம் நான் விரட்டிக்கொண்டு போன மனிதர் அவர். அந்தக் குசினியில் எனக்கு அவரை முதல்முறையாகப் பிடித்தது.

என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அந்தப் பலகைப் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து தந்தார். எங்கள் குசினியில் குக்கருக்கு நேர் மேலே அது தொங்குகிறது. எங்கள் குடும்பத்தில் இப்போது யாராவது ஒரு கறியைக் கருக விட்டால், சாப்பிடுகிறவர்கள் "அருமையான இடம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பார்கள்.

போன மாதம் ஒரு விருந்தில், அவுஸ்திரேலியாவுக்குப் போகவிருக்கும் ஒருவர் எங்களிடம் அந்த முகாமைப் பற்றி விசாரித்தார். பாலா அண்ணை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அருமையான இடம்" என்றோம் இருவரும் ஒரே குரலில்.

அக்கா கைத்தடியை ஊன்றி எழுந்து, அந்த மனிதரின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். "நல்லாச் சாப்பிட்டிட்டுப் போங்கோ, தம்பி" என்றார்.