ஏழு கடுகளவு தேவாங்கு

ஒரு காட்டில் ஒரு குகை இருந்தது. காட்டில் குகை இருப்பதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். செய்தி இல்லைதான். ஆனால் அந்தக் குகைச் சுவரில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ செங்காவியால் படம் வரைந்து வைத்திருந்தார்கள். ஒரு யானை, நாலு மான், தேன் எடுக்கும் ஒரு கரடி. கீழே இடது மூலையில், உள்ளங்கை அகலத்தில், ஒரு தேவாங்கு. குட்டியை மார்போடு அணைத்து, அதன் முதுகில் விரல்களை விரித்து வைத்திருக்கும் தாய்த் தேவாங்கு.

யானையை யார் வேண்டுமானாலும் வரைவார்கள். தேவாங்கை யார் வரைவார்கள்? ஒல்லியாக யாரையாவது பார்த்தால் கிண்டல் செய்வதற்குத்தான் நாட்டில் அந்தப் பெயரே புழக்கத்தில் இருக்கிறது. அதனால் பூவிழிக்கு அந்த மூலை என்றால் உயிர். பூவிழி ஒரு தேவாங்கு. கானகப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. உடம்பு எவ்வளவு சின்னதோ வாய் அவ்வளவு பெரிது என்று துறையில் பெயர் வாங்கியவள்.

படத்துக்கு ஒரே ஓர் ஆபத்துதான். மழைக்காலத்தில் மேல்பாறையிலிருந்து தண்ணீர் கசிந்து சுவரில் இறங்கும். பூவிழி ஒரு பக்கத்துக்கு விண்ணப்பம் எழுதினாள்: "பாறைக்கு மேலே ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டால் போதும். இரண்டு முள்ளம்பன்றிகளுக்கு ஒரு பகல் வேலை."

விண்ணப்பம் துறைத் தலைவர் பேராசிரியர் மயிலாரிடம் போனது. அவர் அதை ஒரு கண்ணால் படித்துவிட்டு மறு கண்ணால் அவளைப் பார்த்தார்.

"என்னம்மா இது? வாய்க்கால், முள்ளம்பன்றி... இதில் சர்வதேசம் எங்கே இருக்கிறது?"

"ஒழுகுவது உள்ளூர்த் தண்ணீர்தானே சார்?"

"பார், இந்தப் பேச்சுதான் உன்னைக் கெடுக்கிறது" என்றார் மயிலார். சொல்லிவிட்டு, வாய்க்கால் என்ற சொல்லை அடித்தார். அதற்குப் பதிலாக 'பல்துறைப் பன்னாட்டு மரபுப் பாதுகாப்புக் கூட்டாய்வு' என்று எழுதினார். ஒரு பக்க விண்ணப்பம் அறுபது பக்கமாகி வடதிசைக்குப் பறந்தது.

குளிர்காலம் வந்ததும் ஏழு நாட்டுப் பறவைகள் வலசையோடு வலசையாக வந்து இறங்கின. தலைவி ஒரு பட்டைத்தலை வாத்து அம்மையார். இமயத்துக்கு மேலே பறந்து வந்தவர், அதைப் பேச்சுக்குப் பேச்சு சொல்லிக்காட்டவும் தவறாதவர். மயிலார் தோகையை விரித்து வரவேற்றார். வரவேற்புரை முடிந்தும் மடக்க மறந்துவிட்டார். ஒப்பந்தத்தில் எட்டுக் கால்தடங்கள் பதிந்தன. முதல் பக்கத்திலேயே, "அனைவரையும் உள்ளடக்கிய திட்டம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கூட்டங்கள் மட்டும் பகல் பதினோரு மணிக்கு. தேவாங்குகள் அசந்து தூங்கும் நேரம் அது. பூவிழி இமையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

"சாயத்தின் சேர்க்கை தெரியாமல் பாதுகாக்க முடியாது" என்றார் வாத்து அம்மையார். "படத்திலிருந்து ஒரு கடுகளவு கிள்ளினால் போதும்."

"ஒரே ஒரு கடுகா?" என்று கேட்டாள் பூவிழி.

"ஏழு ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன அல்லவா? ஏழு கடுகு."

"தொடாமலே ஒளி பாய்ச்சிப் பார்க்கும் பெட்டி ஒன்று இருக்கிறதாமே?"

பெட்டி இருந்தது. அது காட்டின் எல்லைச் சாவடியில் நின்றுகொண்டிருந்தது. உயிருள்ள விலங்கா, உயிரற்ற விலங்கா என்ற கட்டத்தை யாரும் நிரப்பாததால் உள்ளே விடவில்லை.

யானையின் துதிக்கையிலிருந்து ஏழு கடுகு போயிற்று. ஏழு ஆய்வுக்கூடங்களும் ஏழு விடை சொல்லின. ஒன்று காவியில் தேன் கலந்திருக்கிறது என்றது. ஒன்று பால் என்றது. இன்னொன்று, வரைந்தவருக்கு ஜலதோஷம் இருந்திருக்கலாம் என்றது. விடை ஒத்துப்போகாவிட்டால் அறிவியலில் என்ன செய்வார்கள்? மறுபடி கிள்ளுவார்கள். இரண்டாம் குளிர்காலத்தில் யானை முடிந்தது. மூன்றாம் குளிர்காலத்தில் நாலு மானும் கரடியும் முடிந்தன. கரடியோடு தேன்கூடும் போயிற்று, கூடுதல் விவரத்துக்காக.

"இப்படியே போனால் சுவரில் படமே இருக்காதே?" என்று எழுந்து கேட்டாள் பூவிழி.

"படம் இருக்காது. தரவு இருக்கும்" என்றார் வாத்து அம்மையார், மிகவும் கனிவாக. "பனி நாட்டில், உறைபெட்டியில், இந்த யானை எவ்வளவு பத்திரமாக இருக்கிறது தெரியுமா? மழை படாது, வெயில் படாது."

"யானை மாதிரி இருக்கிறதா?"

"குப்பி மாதிரி இருக்கிறது."

மயிலார் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தார்.

நான்காம் குளிர்காலத்தில் சுவரில் மிச்சம் இருந்தது தாய்த் தேவாங்கு மட்டும்தான். கடிதம் வந்தது: ஏழு கடுகு, கடைசி முறையாக. உள்ளங்கையளவு படத்தில் சாயம் இருந்ததே ஏறக்குறைய அவ்வளவுதான். அதிலும் ஒரு பெருமை சேர்த்திருந்தார்கள். உள்ளூர்த் திறன் மேம்பாட்டின் கீழ், இந்த முறை மாதிரியை உள்ளூர் மாணவியே எடுக்கலாமாம்.

பூவிழி சின்னக் கத்தியோடு குகைக்குள் போனாள். தாயின் முகத்துக்கு நேராகக் கத்தியைக் கொண்டுபோனாள். கை வரவில்லை. முதுகிலிருந்து எடுக்கலாமா? முதுகும் வேண்டாம். குட்டியா? அய்யோ.

"என்ன புள்ள, ஒரு நாழியா முழிச்சுக்கிட்டே நிக்க?" என்று பொந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. உடும்பு மாசானம். அந்தக் குகையிலேயே பிறந்து வளர்ந்தவர். திட்ட அறிக்கையில் அவருக்கு 'ஆபத்துக் காரணி எண் 4' என்று பெயர். "முழிக்கது உனக்குப் பொறவியிலயே வந்ததுதான். இருந்தாலும் இது ரொம்ப அதிகம்லா."

"கிள்ளச் சொல்றாங்க அண்ணாச்சி."

"கிள்ளு."

"கிள்ளினா ஒண்ணும் மிஞ்சாது."

"அப்பம் கிள்ளாத."

"கிள்ளலைன்னா அவங்களே வந்து கிள்ளுவாங்க. என் பட்டமும் போயிரும்."

மாசானம் நாக்கை நீட்டி யோசித்தார். "அவுகளுக்குப் படம் வேணுமா, கடுகு வேணுமா?"

"கடுகுதான்."

"பொறவு என்ன? குடு."

பூவிழி குகை வாசலில் கிடந்த காவிக் கல்லைப் பொடித்தாள். விளாம்பிசினை எச்சில் தொட்டுக் குழைத்து அதோடு பிசைந்தாள். இலந்தைப்பழம் அளவுக்கு ஓர் உருண்டை வந்தது. அதிலிருந்து ஏழு கடுகு கிள்ளி ஏழு குப்பியில் போட்டாள். மீதியை மாசானத்தின் பொந்தில் ஒளித்துவைத்தாள். மூலையில் தாய்த் தேவாங்கு முழுசாக இருந்தது.

முடிவு வந்தது. நான்கு ஆண்டில் முதல்முறையாக ஏழு ஆய்வுக்கூடங்களும் ஒரே விடை சொல்லின. ஒரே உருண்டை, ஒரே விடை; வேறு எப்படி வரும்? ஆனால் ஏழு நாட்டிலும் கொண்டாட்டம். மூவாயிரம் ஆண்டு மர்மம் அவிழ்ந்தது என்றார்கள். விளாம்பிசின் நுட்பத்தில் ஆதி ஓவியர் காட்டிய நேர்த்தியைப் பாராட்டி வாத்து அம்மையார் கண் கலங்கினார். நூற்றுப் பதினெட்டுப் பக்கக் கட்டுரை வெளியானது. ஆசிரியர் பெயர்கள் நாற்பத்து மூன்று. இமயத்துக்கு மேலே வானிலை சொன்ன கழுகுக்குக்கூட அதில் இடம் இருந்தது. பூவிழி நன்றியுரையில் இருந்தாள், 'உள்ளூர் விலங்கு ஒன்று' என்று.

போகட்டும், படம் பிழைத்ததே என்று அவள் பெருமூச்சு விட்ட அதே வாரம், எல்லைச் சாவடியிலிருந்து அந்த ஒளிப் பெட்டியை உள்ளே விட்டுவிட்டார்கள். வாத்து அம்மையார் ஆசையோடு அதைக் குகைக்குள் கொண்டுபோய்த் தாய்த் தேவாங்கின் மேல் ஒளியைப் பாய்ச்சினார். பெட்டி கீச்சிட்டது. பொருந்தவில்லை.

எதோடு பொருந்தவில்லை? வெளியான கட்டுரையோடு. ஏழு நாடுகள் ஒப்புக்கொண்ட அசல் சாயம் ஒன்று. சுவரில் இருப்பது வேறொன்று. அப்படியானால் சுவரில் இருப்பது யாரோ பிற்காலத்துப் போக்கிரி கிறுக்கிய போலி. மரபைக் காக்கும் பொருட்டு வியாழக்கிழமை அது சுத்தம் செய்யப்படும் என்று குகை வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள்.

பூவிழி ஓடினாள். பகல் பதினோரு மணிக் கூட்டத்தில் மேசைமேலேயே ஏறி நின்றாள்.

"போலி சுவரில் இல்லை. குப்பியில் இருக்கிறது. நான்தான் பிசைந்தேன். காவிக் கல், விளாம்பிசின், என் எச்சில்!"

மயிலாரின் தோகை தானாக மூடிக்கொண்டது. "பூவிழி, இறங்கு. நாற்பத்து மூன்று பேர் எழுதிய கட்டுரை அது."

"நாற்பத்து மூன்று பேரும் என் எச்சிலைப் பற்றித்தான் சார் எழுதியிருக்கிறீர்கள்!"

வாத்து அம்மையார் கோபப்படவில்லை. அவர் என்றைக்குமே கோபப்பட்டதில்லை. "சுவாரசியமான கருதுகோள். இதை நாங்கள் திறந்த மனதோடு பரிசீலிப்போம். சுவரில் இருப்பதுதான் அசல் என்கிறாய். நிரூபிக்க மாதிரி வேண்டும்."

"எவ்வளவு?"

"ஏழு கடுகு."

"எடுத்த பிறகு?"

"நீ சொன்னது உண்மை என்று நிரூபணமாகும்."

"படம்?"

"எந்தப் படம்?" என்றார் அம்மையார்.

பூவிழி அவரைப் பார்த்தாள். மயிலாரைப் பார்த்தாள். நிரூபித்தாலும் போய்விடும், நிரூபிக்காவிட்டாலும் போய்விடும். மேசையிலிருந்து இறங்கிக் குகைக்கு நடந்தாள்.

வியாழக்கிழமை ஓர் உள்ளான் குருவி வந்தது. நீண்ட அலகு, நுனியில் பஞ்சு. மிகவும் தேர்ந்த நிபுணர். பூவிழி சுவருக்கு முன்னால் கையை விரித்து நின்றாள். மயிலார் அவளை இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்தார்; எடை ஒன்றும் பெரிதில்லை. மூவாயிரம் மழைக்காலம் செய்யாததை உள்ளான் அரை மணியில் செய்து முடித்தது. முதலில் குட்டி போயிற்று. பிறகு அதன் முதுகில் விரிந்திருந்த விரல்கள். கடைசியாகத் தாயின் கண். துடைத்த இடத்தை எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு சாப்பிடப் போனார்கள்.

பூவிழி போகவில்லை. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மாசானம் பொந்துக்குள்ளிருந்து எதையோ மூக்கால் உருட்டிக்கொண்டு வந்தார். மீதி உருண்டை.

"இத என்ன செய்ய? எம் பொந்தெல்லாம் செவப்பாக்கிட்டு."

அவள் அதை எடுத்தாள். எச்சில் தொட்டுக் கரைத்தாள். ஈர வடு இன்னும் காயாத அதே மூலையில், அதே அளவில், தாயை வரைந்தாள். கண்ணை வரைந்தாள். குட்டியை வரைந்தாள். குட்டியின் முதுகுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. நெடுநேரம் நின்றது. பிறகு வரைந்து முடித்தாள்.

சாப்பாடு முடிந்து வந்தவர்கள் வாசலிலேயே உறைந்து நின்றார்கள். வாத்து அம்மையார் பெட்டியை எடுத்து ஒளியைப் பாய்ச்சினார். பெட்டி கீச்சிடவில்லை. குயில் மாதிரிக் கூவியது. காவி, விளாம்பிசின், எச்சில். நூற்றுக்கு நூறு பொருத்தம்.

"போலிக்கு அடியில் அசல் ஒளிந்திருந்திருக்கிறது!" என்றார் அம்மையார். இந்த முறை நிஜமாகவே அழுதார். "எவ்வளவு பழமை! ஈரம்கூடக் காயாமல் எவ்வளவு அற்புதமாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது!"

"ஈரம் ஏன் காயலைன்னு..." என்று பூவிழி ஆரம்பித்தாள்.

"ஷ்ஷ்" என்றார் மயிலார். தோகை மறுபடி விரிந்துவிட்டது.

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. சேர்க்கை ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் இனி ஒரு கடுகுகூடக் கிள்ளக் கூடாது என்று ஏழு நாடுகளும் தடை விதித்தன. வாசலில் இரண்டு கரடிகளைக் காவல் போட்டார்கள். மேல்பாறையில் ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் வெட்ட அன்று மாலையே உத்தரவு வந்தது. இரண்டு முள்ளம்பன்றிகள் மறுநாள் ஒரே பகலில் முடித்துவிட்டன. பூவிழிக்குப் பட்டம் கிடைத்தது. மாசானத்தை ஆபத்துக் காரணி எண் 3 ஆகப் பதவி உயர்த்தினார்கள்.

பட்டம் வாங்கிய அன்று அவள் குகைக்கு வந்தாள். மாசானம் சுவருக்கு எதிரே படுத்துக்கிடந்தார்.

"ஏ புள்ள, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். குட்டி முதுவுல அந்த ஆத்தா கைய வச்சிருந்தால்லா, பழைய படத்துல? வெரலு நாலா, அஞ்சா?"

பூவிழி எண்ணிப் பார்த்ததே இல்லை. நான்கு ஆண்டாக ஒவ்வொரு நாளும் பார்த்த படம். பல்கலைக்கழகத்துக்குப் போய் நூற்றுப் பதினெட்டுப் பக்கத்தையும் புரட்டினாள். நானூறு மடங்கு பெரிதாக்கிய சாயத்துகள் இருந்தது. இருபத்தாறு வரைபடங்கள் இருந்தன. உறைபெட்டிகளின் முகவரி இருந்தது. விரலை எண்ணி எழுதியவர் ஒருவரும் இல்லை.

"அஞ்சு போட்டிருக்கேன் அண்ணாச்சி" என்றாள் திரும்பி வந்து.

"நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். போட்டது சரியான்னுதான் கேட்டேன்."

"சரிதான்" என்றாள் பூவிழி. "ஏழு நாடு சொல்லியிருக்கு."

நீதி: மூவாயிரம் ஆண்டுப் பழமையைக் காப்பாற்ற வேண்டுமானால், முதலில் அதை முறைப்படி துடைத்துவிட்டு, போன மாதம் பிசைந்த மண்ணால் திரும்ப வரைந்துவிடுங்கள், உலகமே காவல் நிற்கும். துடைப்பதற்கு முன்னால் விரல்களை மட்டும் எண்ணிவிடுங்கள், அது வேறு யாருடைய வேலையும் இல்லை.